அடிநூல் தீர்ந்த இடத்தில்

என் தையல் கடையின் பின்னறையில் துணிச்சுருள்கள் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கும். அங்கே கத்தினாலும் எதிரொலி கிடையாது, எல்லாச் சத்தத்தையும் துணி குடித்துவிடும். இதைக் கண்டுபிடித்தது என் தங்கை. "இதைவிட நல்ல ஸ்டூடியோ எங்கேயும் கிடைக்காதுக்கா" என்று சொல்லித் தன்னுடைய நாலு ஆல்பங்களையும் இங்கேதான் பதிவு செய்தாள். வாடகை கிடையாது, நினைத்த நேரத்தில் டீ, திட்டுவதற்கு ஒரு அக்கா. அப்புறம் வேறு ஸ்டூடியோ எப்படி நல்லதாகத் தெரியும்?

என் தங்கை நாட்டுப்புறப் பாடகி. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ஒரு பழைய கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தானே பாடுகிறவள். ரயிலில் போனால் நாலு பேர் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் அவள் பெயர் பொடிசு. நாற்பத்து நாலு வயதாகிப் படிக்கிற கண்ணாடி போட்ட பிறகும் பொடிசுதான்.

ஐந்தாவது ஆல்பத்துக்கு வந்த அன்றைக்கே அறிவித்துவிட்டாள்.

"இந்தத் தடவை என் பாட்டு ஒண்ணுகூடக் கிடையாது. எல்லாமே மத்தவங்க பாட்டு. கவர் ஆல்பம்."

"ஏன், கைவசம் சரக்கு தீர்ந்து போச்சா?"

"அக்கா!"

"கேட்டேன்டி. கேக்கக்கூடாதா?"

அளவு மாதிரிகளை நான் வெட்டி வைக்கிற பழுப்புக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, பத்துப் பாட்டின் பட்டியலை எழுதிச் சுவரில் குண்டூசியால் குத்தினாள். ஒன்பது வரி எழுதியிருந்தது. பத்து என்று எண் மட்டும் போட்டுப் பக்கத்தில் வெறுமையாக விட்டிருந்தாள்.

"பத்தாவது என்ன?"

"யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தாள். என் கடைக் கூரையில் ஒரு மின்விசிறியைத் தவிர ஒன்றும் கிடையாது.

அந்த வெற்று வரி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மூடி மறைக்கிற சுபாவம் எனக்கு இல்லை, இந்த ஒரு விஷயத்தைத் தவிர. என் தங்கையை உலகத்துக்குத் தெரியவைத்த பாட்டு, கல்யாண வீட்டிலும் பேருந்திலும் செல்போனிலும் இன்றைக்கும் ஒலிக்கிற பாட்டு, 'அளவெடுக்காம தைச்ச சட்டை'. அதைக் கட்டியவள் நான்.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த கதை. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம், எங்கள் வீட்டுக்காரர் தூரத்து நகரத்தில் லிஃப்ட் பொருத்துகிற வேலைக்குப் போனார். ஒரு மாதம் என்று சொல்லிப் போனவர் எட்டு மாதம் வரவில்லை. கடிதம் வரும். அதில் "நலம்" என்று இருக்கும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் காலியாக இருக்கும். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? தையல் மெஷினிடம் காட்டினேன். அளவு எடுக்காமல், ஞாபகத்தை வைத்தே அவருக்கு ஒரு நீலச் சட்டை தைத்தேன். பெடலை மிதிக்க மிதிக்க வாயில் பாட்டு வந்தது.

அளவெடுக்காம தைச்ச சட்டை ஆணியில தொங்குது
ஆளு வர நாளைக் கேட்டு அதுவும் என்னைத் திட்டுது
நலம்னு மட்டும் எழுதத்தானா நாலு வாரம் ஆகுது
காலர் தைச்சு முடிச்ச கைக்குக் கழுத்து நினைப்பா இருக்குது

ஆள் யாராவது வந்தால் கப்பென்று வாயை மூடிக்கொள்வேன். ஒரே ஒரு நாள், மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து எனக்கு உதவியாகப் பட்டன் கட்டிக்கொண்டிருந்த பொடிசை மறந்துபோய் முழுசாகப் பாடிவிட்டேன். அடுத்த மாதம் ஏதோ ஒரு மேடையில் ஏறி அதை அப்படியே பாடிவிட்டு வந்து நிற்கிறாள்! கைதட்டு நிற்கவே இல்லையாம். யார் எழுதினது என்று எல்லோரும் கேட்கிறார்களாம்.

அப்போது மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தேன். கழுத்து நினைப்பு என்று புருஷனைப் பற்றிப் பாட்டுக் கட்டுகிற மருமகள் என்று தெரிந்தால் அந்த வீட்டில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? "நீயே எழுதினதா சொல்லிக்கோடி, என் பேரை மட்டும் எடுக்காதே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவளும் சரி என்றாள். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. பாட்டு மட்டும் அவள் பெயரிலேயே நின்றுவிட்டது.

இதில் பெரிய வேடிக்கை எங்கள் வீட்டுக்காரர்தான். அவருக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். குளிக்கும்போது பாடுவார். பாடிவிட்டு, "எவனோ ஒருத்தன், என்னை மாதிரியே நலம்னு மட்டும் எழுதிப் போட்டிருக்கான் பாரு. பாவம் அந்தப் பொண்ணு" என்பார். பொருத்தின லிஃப்டெல்லாம் சர்ரென்று மேலே ஏறும், இந்த ஒரு விஷயம் மட்டும் அவருக்கு மண்டையில் ஏறவில்லை. நானும் வெட்கத்தில் சொன்னதில்லை.

சரி, நானே கொடுத்ததுதானே என்று இத்தனை வருஷம் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். கவர் ஆல்பம் என்றதும் தேற்றியதெல்லாம் போய்விட்டது. மற்றவர்கள் பாட்டு என்று ஒரு இசைத்தட்டு போடுகிறாள், அதில் என் பாட்டு இல்லையென்றால் அது இனி என்றைக்குமே என்னுடையது இல்லை.

அதற்கு மேல் அவள் நடந்துகொண்ட விதம் வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவரை நேரில் பார்த்து, வாசலில் நின்று, கையைக் கட்டி அனுமதி கேட்டுவிட்டுத்தான் வருவாள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், டிக்கெட் கிழிக்கிற தாளத்தில் பாட்டுக் கட்டியவர், இரண்டு முறை முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது முறை இவளே டிக்கெட் கிழிக்கிற மாதிரி பாடிக்காட்டியதும் கையெழுத்துப் போட்டாராம். பிரசவ வார்டில் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர், அழுகிற குழந்தைகளுக்காகக் கட்டிய தாலாட்டைத் தரும்போது, "சத்தமாப் பாடாதீங்க, எழுந்துடும்" என்று எச்சரித்தாராம். பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத போட்டிப் பாடகி வீட்டுக்குக்கூடப் போனாள். ஒவ்வொரு தடவையும் வந்து, "பயந்துட்டே நின்னேன்க்கா, கேட்டுட்டேன்" என்று என்னிடம்தான் கதை சொல்வாள். அந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டே நான் ஒருவருடைய சட்டைக் கையை ஒரு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டேன். யார் யார் வாசலிலோ நிற்கிறாள், என் வாசலில் தினமும் நிற்கிறாள், வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறாள்.

ஒன்பதாவது பாட்டு பதிவாகி முடிந்த அன்று, பேட்டி எடுக்க வானொலியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பின்னறையில் பொடிசுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒலிப்பதிவாளர் ஹெட்போனோடு மூலையில் இருந்தார். அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் வாயைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. நான் நிலைப்படிக்குப் பக்கத்தில் மெஷினில் இருந்தேன். பெடலில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு, அதனால் ஊசியில் நூல் கோப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"உங்க முதல் பாட்டுல, 'ஆளு வர'ன்னு பாடிட்டு ஒரு மௌனம் வரும்" என்றாள் அந்தப் பெண். அவள் குரலே நனைந்திருந்தது. "நாலு எண்ணிக்கை. அதுக்கப்புறம்தான் 'நாளைக் கேட்டு'ன்னு எடுப்பீங்க. காத்திருக்கிற ஒரு பொண்ணோட தொண்டை அடைக்கிற மௌனம் அது. அதைப் பத்தி எத்தனையோ பேர் கட்டுரை எழுதிட்டாங்க. அது எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

"அது... தானா வந்ததுதான்" என்றாள் பொடிசு.

என்னால் அடக்க முடியவில்லை.

"தொண்டையும் அடைக்கல ஒண்ணும் அடைக்கல! பாபின்ல நூல் தீர்ந்து போச்சு!"

மைக்கோடு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"மெஷினைச் சொன்னேன்மா" என்றேன். காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றி, நூல் நிறைந்திருந்த என் பாபினை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பொடிசு முகம் வெளுத்துப்போய், மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் ஏதோ உளறி முடித்தாள்.

வானொலிப் பெண் தெருமுனை தாண்டும் வரை காத்திருந்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பொடிசு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நிஜமாவா?"

"எது?"

"நூல் தீர்ந்தது."

"பின்னே? 'ஆளு வர'ன்னு பாடறேன், அடிநூல் தீர்ந்து தையல் விழாம ஓடுது மெஷினு. நிறுத்திட்டு வேற பாபினை மாத்திட்டு 'நாளைக் கேட்டு'ன்னு விட்ட இடத்துலேருந்து எடுத்தேன். அந்த வயசுல எனக்கு பாபின் மாத்த நாலு எண்ணிக்கை போதும். நீ கீழ உக்காந்து அதையும் சேர்த்துப் பாட்டுன்னு பாடம் பண்ணிட்டே."

"அதுக்குன்னு தனியாப் பயிற்சி பண்ணினேன்க்கா" என்றாள் பொடிசு. "கண்ணை மூடி, மூச்சைப் பிடிச்சு, நாலு எண்ணி..." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைக்கும்போதுதான் எனக்குக் கோபம் ஞாபகம் வந்தது.

"ஒன்பது வீடு ஏறி இறங்கினியேடி. பத்தாவது வீடு எங்கே இருக்குன்னு தெரியலையா உனக்கு?"

அவள் மேசையில் கிடந்த அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"உன்கிட்ட கேக்கத்தான்க்கா இந்த ஆல்பமே."

"என்னது?"

"இத்தனை வருஷம் என் பாட்டுன்னு கைதட்டு வாங்கிட்டு, ஒரு நாள் காலையில வந்து 'அக்கா, அது உன் பாட்டுன்னு சொல்லிடட்டுமா'ன்னு எப்படிக் கேக்கறது? வாய் வரல. மத்தவங்க பாட்டா ஒரு ஆல்பம் போட்டா அதுல இதுவும் ஒண்ணா உக்காந்துக்கும்னு தோணிச்சு. முதல்ல வேற ஆளுங்ககிட்ட கேட்டுப் பழகிக்கலாம்னு கிளம்பினேன். ஒன்பது பேர்கிட்ட கேட்டுட்டேன். இன்னும் பழகல."

"நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"கண்டக்டர் மாட்டேன்னா வேற பாட்டு எடுத்துப்பேன். நீ மாட்டேன்னா? நான் தினம் பாடற பாட்டுக்கா அது. அது இல்லாம எனக்கு மேடையில நிக்கவே தெரியாது."

நான் இங்கே மனசுக்குள் இவளைத் திட்டிக்கொண்டே துணி வெட்டியிருக்கிறேன், இவள் அங்கே எனக்காகப் பயந்து பயந்து வீடு வீடாக ஒத்திகை பார்த்திருக்கிறாள். ஆனாலும் நான் உடனே இறங்கி வருகிற ஆள் இல்லை.

"ஊர் உன்னை என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். மத்த நாப்பது பாட்டும் நான் எழுதினதுதான். அதுங்க என்னைக் காப்பாத்தும்."

"சரி, கேளு."

"கேட்டுட்டேனே."

"இப்படி இல்ல. கண்டக்டர்கிட்ட எப்படிக் கேட்டியோ அப்படி. வெளியில போய் வாசல்ல நின்னு கேளு."

அவள் எழுந்து வெளியே போனாள். அங்கே பேண்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் என்னைப் பார்த்தபடி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீங்க கட்டின பாட்டு ஒண்ணை நான் பாடிக்கலாமாங்க?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"பாடட்டும் விடுங்கம்மா" என்றார் பின்னால் நின்றவர். "எனக்கும் நேரமாகுதுல்ல."

"பாடிக்கோ" என்றேன். அவர் பேண்ட்டை வாங்கிக்கொண்டு, அவர் போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை பதிவு. இந்தத் தடவையாவது ஒழுங்காக, நடுவில் நிற்காமல் பாட வேண்டும் என்றேன். பொடிசும் தலையாட்டினாள். 'ஆளு வர' என்று வந்ததும் நின்றுவிட்டாள். மறுபடி பாடினாள், மறுபடி நின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் கிள்ளினேன். கிள்ளிய இடத்தைத் தேய்த்துக்கொண்டு நாலு எண்ணிவிட்டு 'நாளைக் கேட்டு' என்று எடுத்தாள். ஏழாவது தடவை காதுக்காரர் வாயைத் திறந்தார்.

"நிக்கறதுதாங்க நல்லா இருக்கு."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். எனக்கு நூல் தீர்ந்தது, அவ்வளவுதான். அதில் ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகக் கேட்டது இவளுடைய காது. "சரி, அந்த நாலு எண்ணிக்கை உன்னோடது, வெச்சுக்கோ. மிச்சமெல்லாம் என்னோடது" என்றேன். அதற்கப்புறம் ஒரே தடவையில் பாடி முடித்தாள். பாடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

முடிந்ததும் பையிலிருந்து அனுமதிப் படிவத்தை எடுத்தாள். பாடலை இயற்றியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்தேன். பில் புத்தகத்தில் ஆயிரம் தடவை எழுதிய பெயர்தான், ஆனால் புதுசாக இருந்தது.

"கீழ சாட்சிக் கையெழுத்து வேணும்க்கா. எழுதினவரோட வீட்டு ஆள்தான் போடணும். நாளைக்கு வீட்டுலேருந்து யாரும் சண்டைக்கு வரக்கூடாதுன்னு ஆல்பம் போடற கம்பெனியோட வக்கீல் வெச்ச விதி. கண்டக்டருக்கு அவர் பொண்ணு போட்டாங்க."

என் மகன் வெளியூரில் படிக்கிறான். வீட்டு ஆள் என்றால் எங்கள் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். ஊருக்குத் தெரிவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள், இவருக்குத் தெரிய வேண்டும் என்பதை நினைக்கவே இல்லை.

"அப்போ வேண்டாம்டி. விட்டுடு."

"அக்கா!"

"இருபத்து நாலு வருஷம் கழிச்சுப் போய், கழுத்து நினைப்புன்னு நான்தான் பாடினேன்னு அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? எனக்குக் கூச்சமா இருக்கு."

"நான் வாசல்ல நின்னு கேட்டேன்ல?" என்றாள் பொடிசு.

மதியம் வழக்கம்போல் அவர் சாப்பிட வந்தார். முன்னறையில் கை கழுவிக்கொண்டே, 'அளவெடுக்காம' என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். நானே போய்ப் படிவத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன்.

"சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. லிஃப்ட் வேலை அப்படிப் பழக்கிவிட்டது. கையைத் துடைத்துவிட்டு மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தார். பாடலின் பெயரை வாசித்தார். இயற்றியவர் பெயரை வாசித்தார். இயற்றப்பட்ட ஆண்டில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இது நான் வேலைக்குப் போயிருந்த வருஷமாச்சே."

"ஆமா."

"அந்த நீலச் சட்டை..."

"ஆமா."

"அப்போ அந்த எவனோ..."

"ஊருக்கே தைக்கிறேன்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அளவெடுக்காம தைச்சது ஒருத்தருக்குத்தான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. "எனக்கு எழுத வராதும்மா" என்றார். "தினமும் எழுத உக்காருவேன். என்னென்னமோ தோணும். நலம்னு எழுதினதும் கை நின்னுடும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மனுஷன் கண்ணைத் துடைத்து நான் பார்த்ததே இல்லை. பின்னறைக் கதவிடுக்கில் பொடிசும் காதுக்காரரும் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. விரட்டலாம் என்று நினைத்தேன், விட்டுவிட்டேன்.

அவர் பேனாவை எடுத்தார். சாட்சி என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, இயற்றியவருக்கு என்ன உறவு என்று கேட்டு ஒரு கோடு போட்டிருந்தது. அங்கே வந்ததும் கை நின்றது. கணவர் என்று எழுதத்தானே, இதற்கு இவ்வளவு யோசனையா என்று குனிந்து பார்த்தேன்.

'காக்க வைத்தவன்' என்று எழுதியிருந்தார்.